நாற்பத்தேழாம் நோக்குநர் நடத்திய ஒத்திகை

பெயிண்டருக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. ஏழு மாடிக் கட்டடத்தின் வெளிச்சுவரில், இரண்டு கயிற்றில் தொங்கும் பலகை மேல் உட்கார்ந்து, ஒரு கையில் பிரஷ், மறு கையில் டீ என்று ஜம்பமாக இருப்பார். இடி என்றால் மட்டும் ஆள் பாதியாகிவிடுவார். எங்கோ தொலைவில் ஒரு மேகம் லேசாகத் தொண்டையைக் கனைத்தால் போதும், கட்டிலுக்கு அடியில் போய்விடுவார். அங்கே அவருக்கென்று தனியாக ஒரு தலையணையே உண்டு. வீடு பெருக்கும்போது அவர் மனைவி அதையும் எடுத்துத் தட்டி வைப்பாள்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் புயல் நோக்கு ஒருங்கிணைப்பு அலுவலகம் தன்னார்வ நோக்குநராகத் தேர்ந்தெடுத்தது.

தேர்வு நடந்த விதம் இது. அந்த அலுவலகத்துக்குப் பெயிண்ட் அடிக்கப் போயிருந்தார். இயக்குநர் ஜன்னலைத் திறந்தார். ஜன்னலுக்கு வெளியே, மூன்றாவது மாடி உயரத்தில், ஒரு மனிதர் தொங்கிக்கொண்டிருந்தார்.

"நாள் பூரா மேலேயேதான் இருப்பீங்களா?"

"ஆமாங்க ஐயா."

"வானத்தைப் பாப்பீங்களா?"

"சுவத்தைப் பாப்பேங்க."

"கழுத்தைத் திருப்பினா?"

"வானம்தாங்க."

"போதும்" என்றார் இயக்குநர். சாயங்காலத்துக்குள் பெயிண்டருக்கு ஒரு அடையாள அட்டை, ஒரு மரப்பெட்டி, முந்நூறு பக்கத்தில் ஒரு கையேடு, நாற்பத்தேழு என்று ஒரு எண் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன.

மாட்டேன் என்று சொல்லத்தான் வீட்டிலிருந்து திரும்பக் கிளம்பினார். மனைவி விடவில்லை. அவள் வேலை பார்த்தது ஊருக்கு வெளியே ஒரு தையல் ஆலையில். தகரக் கூரை, இருநூறு மெஷின், இருநூறு பெண்கள். தரைக்குக் கீழே கான்கிரீட்டில் கட்டிய துணிக்கிடங்கு ஒன்று இருந்தது. யானை ஏறி மிதித்தாலும் அசையாது. புயல் வந்தால் அதற்குள் போய்விடலாம். ஆனால் அதன் கதவில் ஒரு பூட்டு, பூட்டின் சாவி மேற்பார்வையாளர் இடுப்பில். அவர் அதை எடுப்பதற்கு ஊர்ச் சங்கு ஊத வேண்டும். சங்கு ஊதாமல் சாவியைத் தொட்டால் அவர் வேலை போய்விடும். சங்கை ஊதுவது அலுவலகம். அலுவலகத்துக்குச் சொல்லுவது நோக்குநர்.

"நீங்க பயந்தாங்கொள்ளிதான்" என்றாள் மனைவி. "அதனாலதான் சொல்றேன். ஊர்ல எல்லாருக்கும் முன்னாடி உங்களுக்குத்தான் வயித்தைக் கலக்கும். உங்க பயத்துக்கு இப்பதான் ஒரு வேலை கிடைச்சிருக்கு. போய்ச் சேருங்க."

சேர்ந்தார்.

பயிற்சி ஒரு நாள் முழுக்க நடந்தது. பெரிய கூடம். ஐம்பது தன்னார்வலர்கள். இயக்குநர் மேடையேறி, மைக்கை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தொடங்கினார்.

"அன்பார்ந்த நோக்குநர்களே! ஏழு வருடத்துக்கு முன்னால் இந்த ஊரில் ஆறு சுழற்காற்று பதிவானது. அதற்கடுத்த வருடம் நான் பொறுப்பேற்றேன். இரண்டாகக் குறைந்தது. போன வருடம் ஒன்றுகூட இல்லை. இயற்கையை வென்றது யார்? இந்த அலுவலகம்! எப்படி வென்றோம்? படிவத்தை மாற்றினோம்!"

கைதட்டல் கூரையைப் பிளந்தது.

"முன்பெல்லாம் யார் வேண்டுமானாலும் ஓடி வந்து 'ஐயோ, காற்று சுத்துது' என்பார்கள். நாமும் எழுதிக்கொள்வோம். அது ஒரு இருண்ட காலம். இப்போது ஒருவர் சுழற்காற்றைப் பதிவு செய்ய முப்பத்தொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இதுவரை ஒரு சுழற்காற்றுகூட அந்த முப்பத்தொன்றையும் தாண்டி வரவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

பிறகு என்னென்ன தெரிவிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சுழலும் மேகத்தைத் தெரிவிக்க வேண்டும். ஆனால் அது சுழல்கிறதா, பார்ப்பவருக்குத் தலை சுற்றுகிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். மரம் முறிந்தால் சுற்றளவு அளந்து சொல்ல வேண்டும். சின்னக் கிளை முறிந்தால் அது காற்றின் பலம் ஆகாது, கிளையின் பலவீனம். காற்றின் வேகம் தெரிய வேண்டுமானால் நோக்குநர் காற்றை எதிர்த்து இருபது அடி நடந்து பார்த்து, எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும்.

பெயிண்டர் கையைத் தூக்கினார். "ஐயா, மேகத்துலேர்ந்து தும்பிக்கை மாதிரி ஒண்ணு இறங்குமாமே…"

"மேகத் தொங்கல். தாராளமாகத் தெரிவிக்கலாம்."

"அது தரையைத் தொட்டுட்டா?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"தொட்டுவிட்டால் அது தொங்கல் இல்லை. அது தொடுகை. தொடுகையைத் தகுதி பெற்ற அதிகாரி மட்டுமே பார்க்க வேண்டும். தன்னார்வலர் பார்க்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்க்கலாம். பார்த்ததாகச் சொல்லக் கூடாது."

மரப்பெட்டிக்குள் ஆலங்கட்டியை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அளவுப் பொருள்கள் இருந்தன: ஒரு மிளகு, ஒரு பட்டாணி, ஒரு கோலிக்குண்டு, ஒரு எலுமிச்சம்பழம், ஒரு டென்னிஸ் பந்து. விழும் ஆலங்கட்டியை இதில் ஒன்றோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும். சொந்தமாகப் பழம், காய் எதுவும் கொண்டுவரக் கூடாது. பெட்டிக்கு அரக்கு முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். ஆபத்து நேரத்தில்தான் உடைக்கலாம்.

கடைசியாக ஒத்திகை. ஒவ்வொரு நோக்குநரும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலுவலகத்துக்குப் போன் செய்து ஒத்திகை கேட்க வேண்டும். கேட்ட அரை நிமிஷத்தில் சங்கு ஊதும். பள்ளி, கடை, ஆலை எல்லாரும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ப் பத்து நிமிஷம் கழித்துத் திரும்புவார்கள். எத்தனை ஒத்திகை நடந்தது என்ற கணக்கை வைத்துத்தான் மேலிடம் இயக்குநருக்கு வருடா வருடம் கேடயம் கொடுத்தது. அவர் அறையில் ஆறு கேடயம் இருந்தன. ஏழாவதற்கு ஆணி அடித்து வைத்திருந்தார். ஆணியைச் சுற்றிப் பெயிண்ட் அடித்தவர் நம்மவர்தான்.

அலுவலகத்துக்கு வரும் போன்களை எடுத்துப் பதிவு செய்யும் பதிவாளரம்மாவின் மேஜைக்குப் பின்னால் இருந்த சுவருக்கும் அவர்தான் அடித்தார். அந்தச் சுவரில் இரண்டு சுவிட்சு. சிவப்பு சுவிட்சு நிஜப் புயலுக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி, முத்திரை வைத்து, மூன்று கையெழுத்து இல்லாமல் தொடக் கூடாது என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். பச்சை சுவிட்சு ஒத்திகைக்கு. அது விரல் பட்டுப் பட்டுத் தேய்ந்து பளபளவென்று இருந்தது. இரண்டிலிருந்தும் ஒரே ஒயர்தான் மேலே சங்குக்குப் போனது. பெயிண்டர் அந்த ஒயர் மேல் இரண்டு கோட் அடித்திருந்தார்.

நம்மவர் மட்டும் ஒத்திகையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். சங்குச் சத்தம் கேட்டாலும் அவருக்குக் கட்டிலடி ஞாபகம் வந்துவிடும். பதிவாளரம்மா வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்தாள். "நாற்பத்தேழு, உங்க ஒத்திகை பாக்கி நிக்குது. ஐயா ஆணியைப் பாத்துப் பாத்துப் பெருமூச்சு விடறாரு."

"இந்த வாரம் பண்ணிடறேங்க" என்பார் பெயிண்டர்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் மத்தியானம் மூன்று மணி. ஐந்து மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் கைப்பிடிச் சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தார். காற்று சட்டென்று நின்றது. கொடியில் காய்ந்த துணி ஒன்றுகூட அசையவில்லை. தெருநாய்கள் ஒரே நேரத்தில் குரைப்பை நிறுத்தின. வாளியில் இருந்த வெள்ளைப் பெயிண்ட் பச்சையாகத் தெரிந்தது.

பெயிண்டர் வாளியைப் பார்த்தார். அவர் கலந்த பெயிண்ட் பச்சை இல்லை. மெல்லக் கழுத்தைத் திருப்பினார்.

வானம் பச்சையாக இருந்தது. இலைப் பச்சை இல்லை, கிளிப் பச்சை இல்லை. பாசி பிடித்த தொட்டியில் கரியைக் கரைத்துவிட்டால் வருமே, அந்தப் பச்சை. முப்பது வருஷத் தொழிலில் அவர் அப்படி ஒரு நிறத்தைக் கலந்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை. அந்தப் பச்சை ஊருக்கு மேலே மெதுவாக, மாவாட்டுவது போலச் சுற்றிக்கொண்டிருந்தது. நகர்ந்துகொண்டும் இருந்தது. தையல் ஆலை இருக்கும் பக்கமாக.

கால்கள் தாமாகவே கட்டிலைத் தேடின. மொட்டைமாடியில் கட்டில் ஏது? ஆலைக்குச் சைக்கிளில் போக இருபது நிமிஷம். மேகத்துக்கு அவ்வளவு ஆகாது. மனைவியின் போன் ஆலை வாசலில் இருக்கும் பெட்டியில் பூட்டிக் கிடக்கும். மேற்பார்வையாளருக்கு அடித்தார்.

"அண்ணே, வெளியே வந்து வானத்தைப் பாருங்கண்ணே! எல்லாரையும் கீழே இறக்குங்க!"

"பாத்துட்டேன்யா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. சங்கு ஊதலையே."

"ஊதும்ணே. நீங்க முதல்ல கதவைத் திறங்க."

"போன வருஷம் இப்படித்தான் எனக்கு முந்தி இருந்தவர் திறந்தாரு. அவர் இப்ப எங்க இருக்காருன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"எனக்கும் தெரியாது. அதான் பயம். நீ சங்கை ஊத வை, நான் சாவியை எடுக்கறேன்." வைத்துவிட்டார்.

பெயிண்டர் அலுவலகத்துக்கு அடித்தார்.

"வணக்கம். புயல் நோக்கு ஒருங்கிணைப்பு அலுவலகம். உங்கள் வானிலை இனிமையாக அமையட்டும். எண்ணைச் சொல்லுங்க."

"நாப்பத்தேழுங்க! மேடம், மேகம் சுத்துதுங்க மேடம்! சங்கை ஊதுங்க!"

"நிதானமா சொல்லுங்க, நாற்பத்தேழு. மேகம் என்ன நிறம்?"

"பச்சைங்க."

"பச்சை இல்லை."

"இருக்குங்க மேடம். என் தலைக்கு மேலேயே இருக்கு."

"படிவத்துல இல்லைன்னு சொன்னேன். வெள்ளை, சாம்பல், கருப்பு. மூணுல ஒண்ணு சொல்லுங்க."

முப்பது வருஷத் தொழில் மனசாட்சி அவர் தொண்டையில் வந்து நின்றது. அதை விழுங்கினார். "சாம்பல்னு போட்டுக்குங்க மேடம்."

"போட்டுக்கவா? ஒரு நிமிஷம் முன்னாடி பச்சைன்னீங்க. முரண்பட்ட சாட்சியம்னு குறிச்சுக்கறேன். எந்தத் திசை?"

"கிழக்குங்க. தையல் ஆலைப் பக்கம் நகருதுங்க."

"கிழக்குன்னா எந்தக் கிழக்கு?"

"மேடம்?"

"உங்களுக்குக் கிழக்கா, எங்களுக்குக் கிழக்கா? அலுவலகத்துக்குக் கிழக்கே இருந்தாத்தான் அலுவல்முறைக் கிழக்கு. உங்க கிழக்கு எங்களுக்குத் தெற்காக்கூட இருக்கலாம்."

அப்போது நின்றிருந்த காற்று ஒரே மூச்சில் திரும்பி வந்தது. கொடியோடு துணி போயிற்று. வாளி எழுந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, ஒரு பறவையைப் போல அந்தத் தெருவைக் கடந்து போனது.

"வாளி பறந்துடுச்சுங்க!"

"நிறைஞ்ச வாளியா, காலி வாளியா?"

"பாதிங்க!"

"பாதி வாளி அட்டவணையில இல்லை. இருபது அடி நடந்து பாருங்க."

நடந்தார். தையல் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் முதுகை நினைத்துக்கொண்டு நடந்தார். ஒன்பதாவது அடியில் காற்று அவரைத் தூக்கிப் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து வைத்தது.

"ஒன்பது அடிதாங்க போக முடிஞ்சது மேடம்!"

"இருபது நடந்துட்டுக் கூப்பிடுங்க."

"வச்சிடாதீங்க! ஆலங்கட்டி விழுதுங்க!"

விழுந்தது. தண்ணீர்த் தொட்டி மேல் பறை அடிப்பது போல. தலையில் மூடிக்கொள்ள ஒன்றும் இல்லாமல், கையேட்டைக் கவிழ்த்துக்கொண்டார். முந்நூறு பக்கமும் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒரு மனிதரைக் காப்பாற்றின.

"அளவு?" என்றாள் பதிவாளரம்மா.

படிக்கட்டுக் கூண்டுக்குள் ஒதுங்கி, பல்லால் அரக்கைக் கடித்து, பெட்டியைத் திறந்தார். பட்டாணி இருந்த இடத்தில் வண்டு அரித்த மாவு. எலுமிச்சை முத்திரைக்குள்ளேயே காய்ந்து, சுருங்கி, கொட்டைப்பாக்கு அளவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"எலுமிச்சை அளவு இருக்குங்க. நிஜ எலுமிச்சை. பெட்டில இருக்கற எலுமிச்சை காஞ்சு போச்சுங்க."

"காய்ஞ்சதா அறிக்கை குடுத்தீங்களா?"

"இப்பத்தானேங்க திறந்தேன்!"

"காய்ஞ்ச எலுமிச்சைக்குத் தனிப் படிவம். அதை முடிச்சிட்டுத்தான் ஆலங்கட்டிக்கு வர முடியும்."

பெயிண்டர் கூண்டின் ஓட்டை வழியாகப் பார்த்தார். பச்சை மேகத்தின் அடிவயிற்றிலிருந்து ஒரு தும்பிக்கை இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், பந்தியில் இலை பார்த்து உட்கார வரும் பெரிய மனிதர் போல. செங்கல் சூளையில் தரையைத் தொட்டது. தொட்ட இடத்தில் சூளையின் புகைபோக்கி இல்லாமல் போனது. சூளைக்கு அந்தப் பக்கம் வயல். வயலுக்கு அந்தப் பக்கம் தகரக் கூரை, இருநூறு மெஷின்.

"தொட்டுடுச்சுங்க" என்றார். "மேடம், தொட்டுடுச்சு. என் வீட்டுக்காரி அங்க இருக்காங்க."

"தொடுகையைப் பத்தி நீங்க சொல்லக் கூடாது, நாற்பத்தேழு. அதைத் தொடுகை அதிகாரிதான் பாக்கணும்."

"அவரைக் கூப்பிடுங்க!"

"பயிற்சிக்கு வெளியூர் போயிருக்காரு."

"என்ன பயிற்சிங்க?"

"புயல் சமயத்துல அலுவலகத்தை விட்டு வெளியூர் போகாம இருக்கறது எப்படின்னு."

பெயிண்டர் படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது. காலையில் அவள் கிளம்பும்போது, டிபன் டப்பாவின் மூடி சரியாக மூடவில்லை என்று இரண்டு பேருக்கும் சின்னச் சண்டை. அந்த மூடி இப்போது கண்ணுக்குள் வந்து நின்றது.

"பாருங்க, நாற்பத்தேழு," என்றாள் பதிவாளரம்மா. அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படி அரைகுறையா சொல்லி என் நேரத்தை வீணாக்கறதுக்கு, பாக்கி வச்சிருக்கீங்களே ஒரு ஒத்திகை, அதை முடிச்சாலாவது ஐயா ஆணிக்கு ஒரு வழி பிறக்கும்."

பெயிண்டர் தலையைத் தூக்கினார். அந்தச் சுவர் கண்ணுக்குத் தெரிந்தது. சிவப்பு, பச்சை. மேலே போகும் ஒரே ஒயர். இரண்டு கோட்.

"ஒத்திகை" என்றார்.

"என்ன?"

"ஒத்திகைங்க மேடம். நாப்பத்தேழோட ஒத்திகை. இப்பவே. உடனே."

மறுமுனையில் நாற்காலி நகர்ந்தது. குரலில் தேன் வடிந்தது. "அடடா! இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா? ஒத்திகைக்கு ஒரே ஒரு கேள்விதான். தெளிவான வானிலையிலதான் நடத்தணும்னு விதி. வானம் தெளிவா இருக்கா?"

தும்பிக்கை வயலுக்குள் வந்துவிட்டது. அதைச் சுற்றி வைக்கோல், தகரம், ஒரு மாட்டு வண்டி எல்லாம் பறந்துகொண்டிருந்தன.

"தெளிவா இருக்குங்க."

"என்ன நிறம்?"

பெயிண்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். வாழ்நாளில் ஒரு வாடிக்கையாளரிடமும் நிறத்தில் பொய் சொன்னதில்லை அவர். "நீலங்க."

"நீலத்துல பதினோரு வகை குடுத்திருக்காங்க. வெளிர் நீலமா, ஆகாய நீலமா, மயில்…"

"வெளிர் நீலம்! சுத்தமான வெளிர் நீலம்! ஒரு பொட்டு மேகம் கிடையாது மேடம்! பறவைங்க பாடுது!"

"மேகம் இல்லை… பறவை உண்டு… ரொம்ப அழகா சொல்றீங்க, நாற்பத்தேழு."

சங்கு ஊதியது.

இடியையும் காற்றையும் மீறிக்கொண்டு, ஊர் முழுக்க, காது கிழிய ஊதியது. பெயிண்டருக்கு வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பெரிய சத்தம் பிடித்திருந்தது. அது ஊதிய நேரமெல்லாம் படிக்கட்டின் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு, எண்ணினார். மேற்பார்வையாளர் இடுப்பிலிருந்து சாவியை எடுக்க ஐந்து. பூட்டு துருப்பிடித்தது, அதற்குப் பத்து. இருநூறு பேர் இறங்க… அவர்கள் வரிசையாக இறங்குவார்களா, தள்ளிக்கொண்டு இறங்குவார்களா? அவள் யாரையாவது முன்னால் விட்டுவிட்டுக் கடைசியாக நிற்பாளே. அவள் புத்தியே அதுதானே.

எண்ணிக்கை நூற்றெட்டில் இருந்தபோது, தையல் ஆலையின் கூரை மேலே எழுந்தது. முழுசாக, ஒரே தகடாக, டப்பா மூடி திறப்பது போல. இந்தத் தடவை மூடி சரியாகவே திறந்தது. அதற்குப் பிறகு அவர் ஒன்றும் பார்க்கவில்லை. படிக்கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

காற்று அடங்கியதும் ஓடினார். சைக்கிளைத் தேடினார், அது ஒரு மரத்தில் இருந்தது. ஓடினார். தெருவெல்லாம் ஓடு, கண்ணாடி, யாருடையதோ கதவு. தெருக்கோடியில் அவருடைய வாளி, அதே பாதிப் பெயிண்டோடு, நிமிர்ந்து நின்றது. அதைத் தாண்டி ஓடினார்.

ஆலைக்குச் சுவர் நான்கும் இருந்தன. மேலே வானம் இருந்தது. மெஷின்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குப்புறக் கிடந்தன. ஆள் சத்தம் இல்லை.

கிடங்குக் கதவின் மேல் ஒரு தகரம் விழுந்து கிடந்தது. அதை இழுத்து எறிந்தார். கதவைக் கையால் அறைந்தார். அறைந்துகொண்டே இருந்தார்.

உள்ளே இருந்து ஒரு குரல்: "யாரது, கதவை உடைக்கற மாதிரி? பத்து நிமிஷம் எப்பவோ முடிஞ்சுது, கதவுதான் திறக்க மாட்டேங்குது!"

பெயிண்டர் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

இருநூறு பேரும் ஏறி வந்தார்கள். அவர் மனைவி, அவர் நினைத்த மாதிரியே, கடைசியாக வந்தாள். மேலே பார்த்தாள். கூரை இருந்த இடத்தைப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்து அழும் புருஷனைப் பார்த்தாள்.

"ஒத்திகைதான், பத்து நிமிஷத்துல எல்லாரும் மேலே வந்துடணும்னு சொல்லித்தான் இறக்கினாரு" என்றாள், மெல்ல. "மேலேன்னு ஒண்ணு இப்ப இல்லையே." பிறகு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தகரம் கிழித்த அவர் கையை முந்தானையால் ஒற்றினாள். "நீங்கதானா?"

"நான்தான். வானம் நீலம்னு சொன்னேன்."

"நல்லா சொன்னீங்க" என்றாள். மேற்பார்வையாளர் பூட்டைத் தேடிக்கொண்டிருந்தார். அது அவள் கையில் இருந்தது. எழுந்து போய் ஆலைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்தாள். இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளரும்தான் பார்த்தார்.

ஒரு வாரம் கழித்து அலுவலகத்திலிருந்து பெயிண்டருக்கு ஓலை வந்தது. நேரில் வரச் சொல்லியிருந்தார்கள்.

போனார். மூன்றாவது மாடியில் அலுவலகம் இருந்தது. அலுவலகத்துக்குக் கூரை இல்லை. அதே காற்று இங்கேயும் வந்து போயிருக்கிறது. இயக்குநர் திறந்த வானத்துக்குக் கீழே, ஈரம் உலராத மேஜைக்குப் பின்னால், கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். சுவரில் ஏழாவது கேடயம் மின்னியது. பக்கத்து அறையில், குடை பிடித்துக்கொண்டு, பதிவாளரம்மா.

"முதலில் பாராட்டு" என்றார் இயக்குநர். "உங்கள் ஒத்திகைபோல ஒன்று நடந்ததே இல்லை. முழுப் பங்கேற்பு. கூரைகள்கூடக் கலந்துகொண்டன."

"நன்றிங்க ஐயா."

"இரண்டாவது, ஒரு சின்னக் கையெழுத்து. அன்றைக்கு வானம் தெளிவு, வெளிர் நீலம், பறவைகள் பாடின என்று நீங்கள் சான்றளித்திருக்கிறீர்கள். ஆகவே அன்றைக்குப் புயல் எதுவும் இல்லை. இந்த வருடமும் சுழற்காற்று பூஜ்யம். ஆனால் இந்தக் கூரை போனதற்கு மேலிடம் காரணம் கேட்கிறது. பெயிண்ட் கனம் தாங்காமல் போயிற்று என்று எழுதியிருக்கிறேன். கீழே போடுங்கள்."

பெயிண்டர் பேனாவைக் கையில் வாங்கினார். காகிதம் பச்சையாகத் தெரிந்தது.

அவர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு மெல்லக் கழுத்தைத் திருப்பினார். காற்று நின்றிருந்தது. பக்கத்து அறையில் குடை அசையவில்லை.

இயக்குநரும் மேலே பார்த்தார். கூரை இருந்தவரை அவர் வானத்தைப் பார்த்ததே இல்லை. வாய் திறந்தது, மூட மறந்துவிட்டார்.

"அது… என்ன நிறம் அது?"

"உங்க படிவத்துல இல்லைங்க ஐயா."

தூரத்தில் இடி உருண்டது. இயக்குநர் மேஜையைச் சுற்றி ஓடிவந்து பெயிண்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒரு ஒத்திகை சொல்லுங்க. உடனே சொல்லுங்க. வானம் நீலம்னு நீங்க சொன்னாப் போதும்."

"இந்த மூணு மாசத்துக்கு என்னுது முடிஞ்சு போச்சுங்களே ஐயா."

"வேற யாராவது?"

"எல்லாரும் முடிச்சுட்டாங்க. அதனாலதானேங்க கேடயம்."

பெயிண்டர் பேனாவை மேஜை மேல் வைத்தார். மனைவியும் மற்றப் பெண்களும் இப்போது கிடங்கிலேயே மெஷினை இறக்கித் தைத்துக்கொண்டிருந்தார்கள். கதவு பகலெல்லாம் திறந்தே கிடக்கும். ஓடினால் போய்விடலாம்.

"ஐயா, நீங்களும் வாங்க" என்றார். "அம்மா, நீங்களும் வாங்க. கிடங்குல இடம் இருக்கு."

"அலுவல் நேரத்தில் இடத்தை விட்டுப் போகக் கூடாதே" என்றார் இயக்குநர், அழுகிற குரலில். பெயிண்டர் இரண்டு தடவை கூப்பிட்டார். மூன்றாவது தடவைக்குக் கால் நிற்கவில்லை. படிக்கட்டில் இறங்கி ஓடினார்.

இயக்குநர் மேஜைக்கு அடியில் புகுந்தார். தலையணை இல்லாமல் அந்த இடம் மிகவும் கடினமாக இருந்தது. போனை இழுத்து, தன் அலுவலகத்தின் எண்ணைத் தானே சுழற்றினார். பக்கத்து அறையில் மணி அடித்தது.

"வணக்கம். புயல் நோக்கு ஒருங்கிணைப்பு அலுவலகம். உங்கள் வானிலை இனிமையாக அமையட்டும்."

"நான்தாம்மா! இயக்குநர்! மேகம் சுத்துதும்மா! கிழக்கேயிருந்து வருது! சிவப்பை அழுத்தும்மா!"

போனிலும், சுவர் வழியாகவும், இரண்டு காதிலும் அந்தக் குரல் நிதானமாகக் கேட்டது.

"கிழக்குன்னா எந்தக் கிழக்குங்க ஐயா?"